லேசர் படகுகளுக்குத் தனி ஸ்டார்ட் கொடுங்கள்

பாய்மரப் படகுக் கழகங்களின் பந்தயக் குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த பருவத்துக்கு அட்டவணை போட உட்காருவீர்கள். அப்போது லேசர்களை மற்ற படகுகளோடு கலந்து, படகு வகைக்கு ஏற்ப நேரத்தைச் சரிக்கட்டி வெற்றியாளரைக் கணக்கிடும் ஹேண்டிகேப் பந்தயத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஆறு படகுதான் வந்தாலும் சரி, தனி ஸ்டார்ட் வேண்டும்.

புரூஸ் கிர்பி வரைந்து 1971இல் அறிமுகமான படகு இது. இப்போது ஐஎல்சிஏ என்ற பெயரில் ஓடுகிறது. பாயும் மரமும் இல்லாமல் வெறும் படகு சுமார் 59 கிலோ. ஒரு ஆள், ஒரே பாய். விதிப் புத்தகம் அனுமதிக்காத எந்த மாற்றமும் செய்யக் கூடாது. புதுப் பாய்க்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் உண்டு, மறுக்கவில்லை. மற்றபடி முன்னால் போகிறவர் நிஜமாகவே முன்னால் இருக்கிறார். கரைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

எதிர்காற்றில் பட்டையில் பாதத்தை மாட்டி, உடம்பை வெளியே சாய்த்துத் தொங்கும்போது தொடை எரியும். பக்கத்துப் படகுக்காரருக்கும் அதே எரிச்சல்தான். காற்று லேசாகத் திரும்புவதை யார் முதலில் கவனித்துப் படகைத் திருப்புகிறாரோ அவருக்கு நாலு படகு நீளம் லாபம். அப்புறம் மிதவையைச் சுற்றிக் காற்றோடு இறங்கும்போது வேறு சோதனை. பாயை மறுபக்கம் மாற்றுகையில், பாயை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிறு படகின் பின்மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். பாயின் அடியில் உள்ள பூம் என்ற கம்பம் தலைக்கு மேல் கடக்கும் அந்த நொடியில் கயிற்றைச் சுண்டி இழுக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் கவிழ்வார், தெரிந்தவர் ரெண்டு பேரைத் தாண்டிப் போவார். இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

2000 சிட்னி ஒலிம்பிக்கின் கடைசி லேசர் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி, பிரேசிலின் ராபர்ட் ஷெய்ட்டை முன்னேற விடாமல் மறித்து மறித்தே தங்கம் வாங்கினார். ஒரே படகு, ஒரே கோடு என்பதால்தான் அந்த மோதலுக்கு அர்த்தம் இருந்தது. ஹேண்டிகேப்பில் பக்கத்தில் இருப்பவரை மறித்து என்ன பயன்? அரை மைல் பின்னால் வரும் வேறு வகைப் படகு கணக்கில் ஜெயித்துவிடும்.

நேரம் போதாது என்பீர்கள். அதே மிதவைகள், அதே பாதை. முந்தைய ஸ்டார்ட்டுக்குப் பிறகு சில நிமிட இடைவெளி போதும். படகு ஒன்றே என்றாலும் பாய் மூன்று அளவில் வருகிறது. சின்னப் பாய் போடும் இளையவர்களையும் எடை குறைந்தவர்களையும் அதே ஸ்டார்ட்டில் விட்டு, முடிவை மட்டும் தனித்தனியாக எழுதுங்கள்.

அட்டவணை அச்சுக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை கூட்டத்தில் பேசுங்கள்.

அன்புடன்,
ஒரு லேசர் ஓட்டி