தினமும் "பேக்கப் சக்சஸ்"னு மெசேஜ், உள்ள இருந்தது பாதி ஃபைல்

வணக்கம் சார்,

நாங்க நீடாமங்கலம் பக்கத்துல அரிசி மில் வச்சிருக்கோம். நெல் கொள்முதல், எடை சீட்டு, வியாபாரிங்க பாக்கி எல்லாமே உங்க சர்வர்ல இருக்குற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல தான். மெயின் ஒண்ணு, அத அப்படியே நகலெடுத்துட்டே இருக்குற ஸ்டாண்ட்பை ஒண்ணு, ராத்திரி 2 மணிக்கு ஸ்டாண்ட்பைல இருந்து பேக்கப்னு சொல்லித்தான் மாசா மாசம் காசு வாங்குறீங்க.

தை மாசம் சம்பா அறுப்பு மும்முரத்துல ஆபீஸ் பையன் பழைய குறுவை கணக்க அழிக்கப் போயி சம்பா எடை சீட்ட அழிச்சிட்டான், அது எங்க தப்பு தான், ஒத்துக்குறேன். உங்களுக்கு போன் பண்ணா "ஸ்டாண்ட்பைல இருக்கும் சார், எடுத்துக்கலாம்"னாரு உங்க ஆளு. அந்த நகலெடுப்பு, அதான் ரெப்ளிகேஷன், ஓடுறப்ப மெயின்ல அழிச்சது அடுத்த நொடியே அங்கயும் அழிஞ்சிடும்னு நான் தான் அவருக்கு சொல்ல வேண்டியிருந்துச்சு. வெண்ணாத்துல என்ன தண்ணி வருதோ அதானே சார் வாய்க்கால்லயும் வரும்.

சரி பேக்கப்ப குடுங்கன்னு கேட்டா 11 நாள் ஃபைலும் பாதியில அறுந்து கிடக்கு. லாக் வாங்கிப் பாத்தேன், ராத்திரிக்கு ராத்திரி "கேன்சலிங் ஸ்டேட்மென்ட் டியூ டு கான்ஃப்ளிக்ட் வித் ரெகவரி"னு அதே எரர். மெயின்ல வேக்குவம்ங்குற துப்புரவு வேலை, அழிச்ச பழைய ரோவ (வரிய) சுத்தம் பண்ணுது, அது ஸ்டாண்ட்பைக்கு வர்றப்ப பேக்கப் எடுக்குற பிஜி டம்ப் இன்னும் அந்த ரோவ விடாம புடிச்சிருக்கு, டீஃபால்ட்டா 30 செகண்ட் பொறுத்துப் பாத்துட்டு டம்ப்ப வெட்டி விட்டுடுது. மார்கழி வரைக்கும் டம்ப் சீக்கிரம் முடிஞ்சுது, மோதல. தையில லாரி வரிசை கட்டி, எடை போடுற போட்டோவும் அதுலயே சேர்ந்து, டம்ப் 40 நிமிஷம் ஆச்சு, அங்க தான் மாட்டிக்கிச்சு. இத விட வயித்தெரிச்சல், உங்க ஸ்கிரிப்ட் டம்ப்ப, ஃபைல சுருக்குற ஜிசிப்புக்கு நேரா பைப் பண்ணிட்டு ஜிசிப் நல்லபடியா முடிஞ்சுதான்னு மட்டும் பாக்குது, டம்ப் செத்தது அதுக்குத் தெரியவே தெரியாது, அதான் தினமும் சக்சஸ் மெசேஜ்.

கார்பன் சீட்ட வச்சு நாலு நாள் ராத்திரி முழிச்சு திரும்ப ஏத்துனோம், சீட்டு தொலைச்ச விவசாயிங்க கிட்ட நான் எந்த மொகத்த வச்சுகிட்டு பேசுறது?

டம்ப் ஆரம்பிக்கும்போது ஸ்டாண்ட்பைல ரீப்ளேவ (மெயின்ல இருந்து வர்ற மாத்தத்த ஏத்துறத) நிறுத்தி வச்சுட்டு முடிஞ்சதும் மறக்காம ரெஸ்யூம் பண்ணுங்க. அது வரைக்கும் அந்த மாத்தத்த எழுதி வைக்கிற வால் ஃபைல் சேரும், டிஸ்க்ல எடம் பாத்துக்குங்க. எங்களுக்கு ராத்திரி ஒரு மணி நேரம் ஸ்டாண்ட்பை பின்தங்குனா ஒண்ணும் இல்ல. எந்த ரோ இன்னும் வேணும்னு ஸ்டாண்ட்பை மெயினுக்கு சொல்ற ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் போட்டாலும் இந்த மோதல் நிக்கும், ஆனா மெயின்ல குப்பை சேரும், அதனால எனக்கு அது வேணாம். ஸ்கிரிப்ட்ல பைப்ஃபெயில் போடுங்க, டம்ப் செத்தாலும் ஃபெயில்னு தெரியும். வாரத்துக்கு ஒரு தடவ பேக்கப்ப வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, எத்தனை எடை சீட்டு இருக்குன்னு எண்ணி எனக்கு அனுப்புங்க.

அந்த 11 நாளுக்கு வாங்குன காச திருப்பிக் குடுங்க. முதல் ரீஸ்டோர நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும், தேதி சொல்லுங்க, நேர்ல வர்றேன்.