மைத்துனர் சொன்ன வீடும் சத்துவாச்சாரி வீடும்

வேலூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வரன் அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஊரில் வழக்கமான வெயில்தான். ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தளம் சுடுகிறது. முட்டி வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை.

சரி, வங்கிக் கடனில் இங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று நீ கேட்ட விஷயம். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கி, அறை அறையாகத் தடுத்து, நாள் வாடகைக்கு விடச் சொல்கிறார் உன் மைத்துனர். அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தால் அவர் போட்ட கணக்கு சரிதான். காந்தி ரோட்டில் நடந்தால் வங்காளத்தில் எழுதிய பலகைகள்தான் கண்ணில் படும். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அத்தனை பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள். ஆனால் 2020இல் ரயில் நின்றதும் அந்தத் தெருக்கள் வெறிச்சோடின. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா குறைந்ததும் மறுபடி அடி. டாக்காவில் நடக்கும் கலவரத்துக்கு இங்கே தோட்டப்பாளையத்தில் அறை காலியாகும். வங்கித் தவணைக்கு அதெல்லாம் கணக்கில்லை, தேதி வந்தால் கட்ட வேண்டும்.

அதோடு அது வாடகைக்கு விடும் வேலையே இல்லை, லாட்ஜ் நடத்தும் வேலை. மின்சாரம் வணிகக் கட்டணம், வீட்டுவரியும் கூடும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் பதிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அறையில் ஒரு சின்ன அடுப்பு மேடை, அதற்கு மேலே ஒரு முழம் டைல்ஸ். டைல்ஸ் முடிகிற இடத்திலிருந்து உத்தரம் வரை கடுகெண்ணெய்ப் புகை மஞ்சளாகப் படிந்திருக்கும். அந்தச் சுவரில் சுண்ணாம்பு நிற்காது. சுரண்டிவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஓசூரில் இருந்துகொண்டு நீ இதைப் பார்ப்பாயா?

சத்துவாச்சாரியில் நீ பார்த்த, கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீடுதான் என் மனசுக்குப் படுகிறது. அதிலும் கணக்கைக் கண்ணைத் திறந்து பார். விலை 50 லட்சம் என்றால் வங்கி 80 சதவீதம், 40 லட்சம்தான் தரும். முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், நாலரை லட்சம். அதற்குக் கடன் கிடையாது. ஆக 14.5 லட்சம் உன் கையிலிருந்து போக வேண்டும். எட்டரை வட்டியில் 20 வருஷத்துக்குத் தவணை மாதம் ஏறக்குறைய 34,700. முதல் மாதம் அதில் 28,300 வட்டிக்கே போய்விடும். இரண்டு போர்ஷனும் சேர்ந்து 18,000 வந்தால் மீதி 16,700 உன் சம்பளத்திலிருந்து. ஒரு போர்ஷன் காலியானால் 25,700. அந்தத் தொகையை ஆறு மாதம் முனகாமல் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணு. ‘வாடகையே கடனை அடைத்துவிடும்’ என்கிறவன் புரோக்கராகத்தான் இருப்பான்.

வரி மிச்சமாகும் என்று சொல்லியிருப்பார்கள். வாடகையில் வீட்டுவரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு, வட்டியும் கழியும், உண்மைதான். ஆனால் நீ வருமான வரியின் புதிய முறையில் இருந்தால், வாடகைக்கு மேல் போகும் வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்ட விடமாட்டார்கள்.

மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கி, போகியத்துக்கு விட்டு, அந்தப் பணத்தில் கடனைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மூன்று வருஷம் கழித்து மொத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது, வட்டியில்லாத இன்னொரு கடன். அடமானத்தில் உள்ள வீட்டுக்கு வங்கியின் சம்மதமும் கேட்பார்கள்.

குடிவைக்கும்போது ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு பண்ணிவிடு; 2019இலிருந்து நடப்பில் உள்ள வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை போதும். பத்து மாதம் வாங்கி மகள் கல்யாணத்தில் செலவழித்துவிட்டு, காலி பண்ணும் நாளில் பெயிண்டுக்கு, குழாய்க்கு என்று பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களை நாம் பார்த்ததில்லையா? முத்துரங்கம் கல்லூரியில் படித்தபோது நம் அறைக்காரர் பண்ணாததா! அப்புறம், இரண்டு போர்ஷனுக்கும் தனித்தனி மீட்டர் இருக்கிறதா, போர்க் கிணறு எத்தனை அடி, கோடையில் தண்ணீர் வருகிறதா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். இந்த மூன்றிலும்தான் மேல் வீடும் கீழ் வீடும் சண்டை போடும்.

வீட்டுக்காரரிடம் தாய்ப்பத்திர நகல் கேட்டிருக்கிறேன். 30 வருஷத்துக்கு வில்லங்கம் நீயே இணையத்தில் போட்டுப் பார்த்துவிடு. கல்யாணச் செலவு போகக் கையில் எவ்வளவு நிற்கும் என்று எழுது. அதைப் பார்த்துவிட்டு விலை பேசுகிறேன். அதுவரை முன்பணம் என்று யாருக்கும் எதுவும் கொடுக்காதே, மைத்துனர் கேட்டாலும்.

அன்புடன்,
குமார்