முகத்து வலி வேறு மாதிரி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், உடம்பில் எங்கே வலித்தாலும் நாடி வேகமாகும், ரத்த அழுத்தம் ஏறும் என்று ஒரு வரி வந்திருந்தது. கை காலுக்குப் பெரும்பாலும் சரி. முகத்துக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆபரேஷன் தியேட்டரில் 26 வருடம் நர்ஸாக நின்றவள் நான். அந்த வித்தியாசத்தைக் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

மாறுகண் ஆபரேஷன். குழந்தை நல்ல மயக்கத்தில் இருக்கும். கண்ணை அசைக்கும் தசையில் சர்ஜன் கொக்கியை மாட்டி இழுப்பார். உடனே மானிட்டரின் சத்தம் தளர ஆரம்பிக்கும். 110-இல் ஓடிய துடிப்பு 60-க்கு வந்து நிற்கும். மயக்க மருந்து டாக்டர் "சார், விடுங்க" என்பார். விட்டதும் சில நொடிகளில் பழையபடி ஓடும். ஏறவில்லை என்றால் துடிப்பை ஏற்றும் அட்ரோபின் ஊசி. அதை முன்கூட்டியே சிரிஞ்சில் எடுத்து, பெயர் ஒட்டி, ட்ரேயில் தயாராக வைப்பது என் வேலை.

கண்ணை அழுத்தினால் இதயம் மெதுவாகிறது என்று ஆஷ்னர், டாக்னினி என்ற இரண்டு டாக்டர்கள் 1908-லேயே எழுதிவிட்டார்கள். கண்ணோடு இது நிற்பதில்லை. மூக்கு, பல், தாடை என்று முகத்தின் வலியை ட்ரைஜெமினல் என்கிற ஐந்தாவது மூளை நரம்புதான் மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகிறது. அந்தச் செய்தி இறங்கும் நரம்புக்கரு, அதாவது நரம்புச் செல்களின் கூட்டம், மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் வரை நீண்டு கிடக்கிறது. இதயத்துக்கு பிரேக் போடும் வேகஸ் நரம்பு கிளம்புவதும் அதே முகுளத்திலிருந்துதான். அடுத்தடுத்த வீடுகள், நடுவே சேதி கடத்தச் சின்னச் சின்ன நரம்புச் செல்கள். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சடக்கினால் நாடி இறங்குகிறதே, அதுவும் இந்த வழியில்தான். நீரில் மூழ்கும் சீல்களுக்கு இதே அனிச்சைச் செயல் ஆக்சிஜனை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது.

முக வலி நாடியை எப்போதும் இறக்கும் என்றும் நான் சொல்லவில்லை. ஏற்றுவதும் உண்டு. எந்த இடம், எவ்வளவு திடீர், மயக்கம் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் பொறுத்தது.

அப்புறம், என் சொந்தக் கதை. மூக்கில் ரத்தம் வந்ததற்கு வைத்த பஞ்சை உருவும்போது எனக்குக் கண் இருட்டிவிட்டது. "சிஸ்டரே பயந்துட்டாங்க" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பயத்திலும் மயக்கம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது பயமில்லை, எரிச்சல். மூக்கு வலியில் நாடி இறங்கித்தான் கண் இருட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு தாடையில் ஒரு சின்ன ஆபரேஷன் வந்தபோது இதை மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

பல் பிடுங்கும்போதோ மூக்கைச் சுத்தம் செய்யும்போதோ மயங்கி விழுந்து, வெட்கப்பட்டு அதை வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள். அந்த வரியைத் திருத்தும்போது அவர்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ் ஒருவர்