மீந்த மருந்து நொய்யலுக்குப் போகாமல் இருக்க

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் காலாவதியான, மீந்துபோன மாத்திரை, மருந்து, களிம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அப்பிச்சி, அம்மிச்சியின் மாத்திரை டப்பாவையும் ஒருமுறை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் வந்து வாங்கிக்கொள்வார். மருத்துவக் கழிவோடு சேர்த்து, உரிய உலையில் அவை எரிக்கப்படும்.

பழைய மருந்தை என்ன செய்கிறீர்கள் என்று ஏழாம் வகுப்பில் கேட்டபோது, பலர் கழிப்பறையில் கொட்டிவிடுவதாகச் சொன்னார்கள். சிறு பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டுவிடக் கூடாதே என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நீர் போய்ச் சேரும் இடம் நம் ஆறு.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தெளிவாக இறங்கும் நொய்யல், கோவையைக் கடந்து சூலூர்ப் பக்கம் வரும்போது, கோடையில் பெரும்பாலும் சாக்கடைதான். திருப்பூர்ச் சாயக்கழிவு கண்ணுக்குத் தெரிந்தது. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மருந்துக்கு நிறமும் இல்லை, நுரையும் இல்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அழுக்கையும் மலக்கழிவையும் நீக்கக் கட்டப்பட்டவை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபின் போன்ற மருந்துகள் பெருமளவு அப்படியே கடந்துவிடுகின்றன.

இவ்வளவு தண்ணீரில் ஒரு மாத்திரை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கனடாவில் ஓர் ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோனை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஐந்தாறு பங்கு. ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் உருவானது. அங்கிருந்த சிறுமீன் இனம் ஏறக்குறைய அற்றுப்போனது. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அது மீண்டும் பெருகியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் கொட்டும் மருந்து இந்தச் சிக்கலில் சிறு பங்குதான். நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. மருந்து ஆலைக் கழிவும் உண்டு. அவற்றைத் தடுக்க அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கொட்டாமல் இருப்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம்.

கட்டுத்தரையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபெனாக் என்ற வலி மருந்து, அந்த மாடு செத்தபின் அதன் இறைச்சியைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. கால்நடைகளுக்கு அதைத் தருவதற்கு 2006-இலேயே தடை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மிஞ்சிய கழுகுகள் பெரும்பாலும் நம் சத்தியமங்கலத்தை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. மனிதருக்கான டைக்ளோபெனாக் ஊசி மருந்தை மாட்டுக்குப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

சிரப் பாட்டில்களைக் கழுவ வேண்டாம். மூடியோடு அப்படியே கொண்டு வாருங்கள். ஊசிகளைக் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே நேரில் வாருங்கள். பகல் 12 மணி வரை பெற்றுக்கொள்வோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்