பென்சில்வேனியா வில்வேட்டை: சீசனுக்கு முன் ஒரு சோதனை

நண்பர்களே, மான் வேட்டைக்குக் கிளம்பும் முன் வில்லை ஒருமுறை அளந்துவிடுங்கள். இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, உச்சத்தில் 35 பவுண்டுக்குக் குறையக் கூடாது; குறுக்குவில்லுக்கு (துப்பாக்கி போல விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போ) 125 பவுண்டு. பயிற்சிக்காக இழுவிசையைத் தளர்த்தி வைத்தவர்கள் கட்டாயம் பாருங்கள். அம்புமுனை வெட்டும் அகலம் குறைந்தது 7/8 அங்குலம். பலமுறை தீட்டிய பழைய முனைகளில்தான் இது இடிக்கும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், கண் அளவு வேண்டாம். விஷம் தடவியது, வெடிப்பது எதுவும் கூடாது.

அப்புறம், வேட்டை உரிமத்தோடு வில்வேட்டை உரிமமும் கையில் இருக்கட்டும். மாநில வேட்டை ஆணைய வார்டன் காட்டுக்குள்ளேயே வந்து உரிமம், கருவி எல்லாம் பார்ப்பார். தடுத்தால் அது தனிக் குற்றம். காட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் முனையின் படத்தை ஸ்கேலோடு இங்கே போடுங்கள்.