சாரையை அடிக்க வேண்டாம் என்று மைக்கில் ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய ஊராட்சித் தலைவர் அவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும், வீராணம் பாசனத்தில் நாலு காணி சம்பா வைத்திருக்கும் விவசாயியின் வணக்கம்.

போன வாரம் வாய்க்கால் தூர்வாரியபோது இரண்டு சாரைகளை அடித்துக் கருவேல முள்ளில் தொங்கவிட்டதும், அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியதும் தங்களுக்குத் தெரியும். கீழே குவிந்த கட்டைவிரல்களில் தங்களுடையதும் ஒன்று. அடித்தவர்கள் நல்ல பாம்பு என்று பயந்திருப்பார்கள், சரி.

அந்த இரண்டும் என் வரப்பில் திரிந்தவை. காலை வெயிலில் எலி வளைக்குள் தலையை விட்டால், ஆறேழு அடி உடம்பும் மெல்ல உள்ளே போய், வால் நுனி மட்டும் வெளியே ஆடும். பூனை அங்கே போகுமா? விஷம் கிடையாது. எலியை உடம்பால் அமுக்கியே விழுங்கிவிடும். குஞ்சுகளையும் விடாது.

பயிர் இப்போது பொதி கட்டுகிறது, கதிர் தண்டுக்குள் உருண்டு வெளிவரக் காத்திருக்கும் பருவம். வரப்பில் நின்று பார்த்தால் பச்சைப்பசேல். நேற்று உள்ளே இறங்கினேன். நடுவில் ஒரு களம் அளவுக்கு மொட்டை. தூர் தூராக, அரிவாளால் சாய்த்து அறுத்த மாதிரி. ராத்திரி எலி பிடிக்க 40 கிட்டி வைத்தேன், விடிந்து பார்த்தால் 9 எலி. விஷ வில்லை வைக்கலாம்தான். அதைத் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் போச்சு. ஆந்தை உட்காரக் குச்சி நடச் சொல்கிறவர்களே வில்லையும் வைக்கச் சொல்கிறார்கள்!

நான் கேட்பது ஒன்றுதான். சாரையை அடிப்பதில்லை என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வேலை தொடங்கும் முன் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள்: படம் எடுக்காது, பகலில் திரியும், ஆளைக் கண்டால் ஓடும்.

சாரையும் நாகமும் பிணைகிறது என்று வெள்ளைத் துணி போட்டுக் கும்பிட்ட ஊர் நம்முடையது. பின்னி நின்றவை இரண்டு ஆண் சாரைகள், போட்டது சண்டை. அன்றைக்குச் சாமி, இன்றைக்குத் தடியடி. 1972 வனவிலங்குச் சட்டம் காக்கும் உயிர்களில் சாரையும் உண்டு. அடித்தவருக்குக் குடியரசு தினத்தில் சால்வை போடுவதாக இருந்தால், என் வயல் எலிகள் சார்பிலும் ஒன்று சேர்த்துப் போடுங்கள். கண்ணாடி விரியன் நடமாடும் மேலத்தெருவில் விளக்கு நாலு மாதமாக எரியவில்லை, அதற்கு மட்டும் ஆள் கிடைப்பதில்லை.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். தயவுசெய்து சாரையை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை வடக்கு வாய்க்காலில் வேலை. அங்கே புங்கமரத்தடி வளையில் இன்னொரு சாரை இருக்கிறது. கண்ணில் பட்டால் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், வந்து என் வயலுக்குள் ஓட்டிக்கொள்கிறேன்.