கால்கரியில் இருக்கிற பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு அப்பா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். மஞ்சக்குப்பத்துல விடாத மழை, கெடிலத்துல தண்ணி ஓடுது. மத்ததெல்லாம் அம்மா ஃபோன்ல சொல்லியிருப்பா.

நீ அனுப்பின போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கிற அந்த ஃப்ளீஸ் துணி ஜாக்கெட், வெட்டு பிரமாதம். தோள் இறக்கம் அப்படியே என் கை. ஆனா கழுத்து ஓரம் அலை அலையா நிக்குது. ஓரத்துல மடிச்சுத் தைக்கிற எலாஸ்டிக் டேப் மேல பழி போடாதே, தைக்கும்போது நீ துணியை இழுத்திருக்கே. ஃப்ளீஸை இழுக்கக் கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில எனக்கு இதே வேலைதான். துணி தானா ஓடணும், டேப்பை மட்டும் லேசாப் பிடிச்சு விடணும். கழுத்து, அக்குள்னு உள்வளைவு வர்ற இடத்துல டேப்பை இன்னும் கொஞ்சம் இழு, அப்பதான் உடம்போட படியும். கீழ் முனையில வெளிவளைவுக்கு இழுக்கவே இழுக்காதே, ஓரம் கிண்ணம் மாதிரி உள்ள குவிஞ்சுக்கும். மெஷின்ல துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டோட அழுத்தத்தையும் குறைச்சு வை. தடிமன் துணியை அமுக்கினா அதுவே நீண்டு போயிடும், பாதி அலை அங்கதான் பிறக்குது.

டேப் நடுவுல மடிப்புக் கோடு ஓடுதே, ஃப்ளீஸ் ஓரம் சரியா அந்தக் கோட்டுல போய் முட்டணும். பிரி வராத துணி, உள்ள மடிக்க வேண்டாம். ஒரே தையல்ல ரெண்டு பக்கமும் பிடிக்கப் பார்க்காதே. முதல்ல உள்பக்கம், அப்புறம் முன்னால மடிச்சு விளிம்பு ஓரமா ரெண்டாவது தையல். சின்ன ஜிக்ஜாக்கா போடு. நேர் தையல் போட்டா, கையை நுழைக்கும்போது மணிக்கட்டுல நூல் பட்டுனு அறுந்துடும். ஊசி ஸ்ட்ரெச் ஊசி, 90 நம்பர். சாதா ஊசியில தையல் விட்டு விட்டு விழும். குண்டூசி வேண்டாம், பஞ்சுக்குள்ள போனா கண்ணுக்குத் தெரியாது, கிளிப் போடு. அயர்ன் பாக்ஸைக் கிட்ட கொண்டு போகாதே, பாலியஸ்டர்தானே, நசுங்கி மினுமினுன்னு ஆயிடும்.

பாபின் கேஸைக் கழட்டிப் பஞ்சைத் துடைக்கிறியா? ஃப்ளீஸ் தைச்சா தினமும் துடைக்கணும்.

தினமும் தைக்கிறியான்னு நான் கேக்கல.

பேரனுக்கு ஒண்ணு தைக்கிறேன்னுதான் அம்மாகிட்ட சொன்னே. போட்டோவுல பின்னாடி கட்டில் மேல வெட்டின துணி அடுக்கா இருக்கு. சின்ன சைஸ், பெரிய சைஸ், எல்லாம் ஒரே நீலம். போட்டோ இங்க வந்தப்ப ராத்திரி பதினொரு மணி. அங்க அது பகல், அதுவும் செவ்வாய்க்கிழமை. நீ லீவு போட்டிருப்பேன்னு அம்மா சொல்றா. மாப்பிள்ளையும் ஃபோன் எடுக்கறதில்ல, வேலை அதிகம் போல.

நீ மெஷின்ல உக்காந்தா எழுப்பி விட்டுடுவேன், ஞாபகம் இருக்கா? படிக்கிற பிள்ளை, பெடல் எதுக்குன்னு. நீ எங்க கேட்டே! 2011-ல 'தானே' புயல்ல கடை ஷீட் பறந்தப்போ, உன் புத்தகமெல்லாம் நனைய விட்டுட்டு மெஷினுக்குத்தான் கோணி போத்தினே. ஒரு வார்த்தை பேசல. வாயைத் திறக்காம எல்லாத்தையும் தாங்கும் என் பொண்ணுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். இப்ப அந்தக் குணத்தை நினைச்சாத்தான் தூக்கம் வரல.

நல்லா தைக்கிறே. அதுல குறை சொல்ல எனக்கு இஷ்டமில்ல. வெட்டி விழுந்த துண்டுல முதல்ல ஓட்டிப் பாரு, அலை வரலைன்னா அப்புறம் ஜாக்கெட்ல போடு. துணியை இழுக்காதே, டேப்பை மட்டும்.

உன் தம்பி சீட்டுப் பணம் எடுத்திருக்கான். கடைக்குப் புது ஓவர்லாக் மெஷின் வாங்கலாம்னு பேச்சு, அதுக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்ல, பணம் பேங்க்ல சும்மாதான் கிடக்கு. வேணும்னா அம்மாகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லணும்னு இல்ல, காரணமும் சொல்ல வேண்டாம். மறுநாளே தம்பி அனுப்பிடுவான்.

அப்பா